மற்போரும் மல்லாடலும்: தொழின்முறை மல்யுத்தக் காட்சியின் ஏற்றமும் இறக்கமும்

தமிழர் மத்தியில் நிலவும் ஆட்டக்கலைகள் பற்றிய ஆய்வுகள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெருகி வந்துள்ளன. கூத்தும் வசந்தன் ஆட்டமும் வில்லுப்பாட்டும் ஆய்வேடுகளிற் புகுந்துவிட்டன. ஒரு காலத்தில் ஆய்வாளர் தீண்டத் தயங்கிய சினிமாவும் இன்று பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றது. ஆயின், கயிறு கட்டிய மேடையில், கட்டணம் செலுத்தி வந்த மக்கள் முன்னிலையில், முடிவு முன்கூட்டியே வகுக்கப்பட்டு நடைபெறும் தொழின்முறை மல்யுத்தக் காட்சியைக் கருத்தூன்றி நோக்குவோர் நம்மிடையே அரியர். விளையாட்டுத்துறையாளர் அதனை விளையாட்டன்று எனத் தள்ளுவர். நாடகத்துறையாளர் நாடகமன்று என ஒதுக்குவர். முற்போக்குச் சிந்தனையுடையோரோ அது வெகுசனங்களை மயக்கும் வணிகப் பண்டம் என ஒரு வாக்கியத்தில் தீர்ப்புக் கூறி அப்பாற் செல்வர். இம்மூன்று மறுப்புகளுள் இறுதியானதே மதிப்புக்குரியது. அம்மதிப்புக் காரணமாகவே அதனைச் சற்று நெருங்கி ஆராய வேண்டியுள்ளது.

இக்கட்டுரை விசுவமடுவிலிருந்து எழுதப்படுகின்றது என்பதையும் இவ்விடத்துக் கூறுதல் பொருத்தமாகும். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் அமைந்த இவ்வூர், குளத்து நீரையும் மேட்டுநிலப் பயிரையும் நம்பி வந்து குடியேறியோரால் உருவானது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலந்தேடி வந்தோரும், இனவன்முறைகளால் மலையகத்தை விட்டுப் பெயர்ந்தோரும் அயலயலாக வாழும் பிரதேசம் இது. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து வெறுமையாயிற்று. மீண்டு வந்த பின்னர் மின்சாரமும், அதன் பின்னே தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் வந்தன. கோயில் வீதியில் விடியும்வரை விழித்திருந்து காத்தவராயன் கழுமரம் ஏறுவதைக் காணும் அதே சிறுவர், மறுநாள் மாலையில் அமெரிக்க மல்லர்களின் பிடிகளைப் பெயர் சொல்லி ஒருவர்மீது ஒருவர் பரிசோதிக்கின்றனர். இவ்விரு காட்சிகளையும் ஒரே கண்கள் காண்கின்றன என்பதே நமது ஆய்வுக்குத் தொடக்கமாக அமைகின்றது.

நம்மவர் மல்யுத்தக் காட்சியை மறுக்கும்போது வழமையாகக் கூறுவது, “அது பொய், முன்கூட்டியே பேசி வைத்து அடிபடுகிறார்கள்” என்பதாகும். தமிழ் இலக்கிய மரபை அறிந்தோர் இவ்வாறு கூறுதல் வியப்புக்குரியது. ஏனெனில் ‘மல்’ என்னும் சொல்லை நமது மரபு இரு வேறு பொருள்களில் வழங்கியுள்ளது. ஒன்று மற்போர், மற்றையது மல்லாடல்.

மற்போருக்குப் புறநானூற்றில் ஒரு சிறு பாட்டுத் தொகுதியே சான்றாக உள்ளது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் 80 முதல் 82 வரையான பாடல்களிற் பாடினார். ஒரு கால் எதிரியின் மார்பிலும் மறு கால் முதுகிலுமாகப் பற்றி நெரித்த பிடியை முதற்பாடல் விவரிக்கின்றது. அவனோடு பகை கொண்டிருந்த தந்தை தித்தன் இதனைக் காண வேண்டும் என்ற விருப்பமும் அங்கே வெளிப்படுகின்றது. 82 ஆம் பாடலில் வரும் உவமை நமது சிறப்பான கவனத்திற்குரியது. ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவி மகப்பேற்று நோவில் இருக்கின்றாள், மழையும் பொழிகின்றது, பொழுதும் சாய்கின்றது. அந்நிலையிற் கட்டிலுக்கு வார் பிணிக்கும் தொழிலாளியின் ஊசி எத்துணை விரைவுடன் செல்லுமோ அத்துணை விரைவுடையது அப்போர் என்கிறார் புலவர். அரசிளங்குமரனின் வீரத்தை அளப்பதற்கு, இழிந்தோனாக வைத்தெண்ணப்பட்ட தொழிலாளியின் கையே அளவுகோலாயிற்று. வீரயுகப் பாடல்களின் சமூக அடித்தளம் பற்றிப் பேசுவோர் இவ்வுவமையை இன்னும் விரிவாக எடுத்தாண்டிருக்கலாம்.

அதே சோழனைப் பாடிய நக்கண்ணையாரின் 85 ஆம் பாடல் வேறொரு வகையில் முக்கியமானது. அது மல்லரைவிடப் பார்வையாளரையே காட்டுகின்றது. அவன் அவ்வூரானும் அல்லன், அந்நாட்டானும் அல்லன். ஆதலின் கூட்டம் இரண்டாகப் பிளவுபட்டு, வென்றான் என ஒரு சாராரும் வென்றிலன் என மறுசாராரும் ஆரவாரிக்கின்றனர். அவன்மேற் காதல் கொண்ட பெண் சிலம்பொலிக்க ஓடிச் சென்று, பனையிற் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தன் கண்ணாற் காண்கிறாள். உள்ளூரான், வெளியூரான் என்ற வேறுபாடு மற்களத்தின் ஆரவாரத்தை எவ்வாறு வகுக்கின்றது என்பதை இதனினும் சுருக்கமாக எவரும் கூறியதில்லை.

மல்லாடல் இதனின்றும் வேறானது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் மல்லும் ஒன்று. வாணன் என்னும் அசுரனை வெல்ல மாயோன் மல்லனாகி ஆடியது அது. மரபு அதனை நின்றாடல் ஆறனுள் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளது. (விழுவதையே தொழிலாகக் கொண்ட இக்கால மல்லர் இதனைக் கேட்டால் நகைப்பர்.) வாணன் தோற்பான் என்பதைப் புகாரில் இருந்தோர் அனைவரும் அறிவர், ஆடியவள் ஒரு பெண் என்பதையும் அறிவர். எவரும் அதனைப் பொய்ப்போர் எனப் பழித்ததாக இளங்கோ கூறவில்லை. போரின் உருவத்தை எடுத்து, அதன் உயிராபத்தை நீக்கி, அதன் பொருளை மட்டும் உடலால் வெளிப்படுத்துவது மல்லாடல். தொழின்முறை மல்யுத்தக் காட்சியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மற்போரின் அளவுகோலைக் கொண்டு மல்லாடலை அளப்பதாலேயே ‘பொய்’ என்னும் குற்றச்சாட்டுப் பிறக்கின்றது.

இதனைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1952 இல் எழுதி, 1957 இல் வெளியான தமது ‘புராணங்கள்’ என்னும் நூலிற் சேர்த்த கட்டுரை வேறொரு வழியாக நிறுவுகின்றது. குத்துச்சண்டை முடிவை நோக்கிச் செல்வது, மல்யுத்தக் காட்சியோ ஒவ்வொரு கணத்திலும் தன்னளவில் முழுமையான பொருளைத் தருவது என்பது அவரது கருத்து. பாரிசின் இரண்டாந்தர மண்டபங்களிற் கூடியோர் அது முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டதா என்று கவலைப்படவில்லை. துன்பமும் தோல்வியும் நீதியும் ஐயத்திற்கிடமின்றிக் கண்முன்னே விரிவதையே அவர்கள் நாடினர். கிரேக்க நாடகத்தின் முகமூடிகளை அவர் இதற்கு ஒப்பிட்டார். அவர் நமது கூத்தை அறிந்திருப்பின் ஒப்பீடு இன்னும் கூர்மை பெற்றிருக்கும்.

முல்லைமோடியில் ஆடப்பெறும் கோவலன் கூத்தை எடுத்துக்கொள்வோம். கோவலன் வெட்டுண்பான் என்பதைச் சபையோர் பிள்ளைப் பருவந்தொட்டு அறிவர். பொற்கொல்லனாக வருபவர் நேற்று வயலில் தம்மோடு நின்றவர் என்பதையும் அறிவர். அப்படியிருந்தும் அவர் களரியில் வரவு ஆடித் தோன்றும்போது எழும் வசைமொழி உண்மையானது. கோவலன் வீழும்போது மூதாட்டியர் சிந்தும் கண்ணீரும் உண்மையானதே. அண்ணாவியாருக்கும் ஆட்டக்காரருக்கும் சபைக்கும் இடையே ஓர் எழுதாத உடன்படிக்கை உண்டு. மேனாட்டு மல்லர் இவ்வுடன்படிக்கையைக் ‘கேய்ஃபேப்’ என்னும் குழூஉக்குறியால் வழங்கினர். நல்லானாக நடிப்பவனும் பொல்லானாக நடிப்பவனும் மேடைக்கு வெளியிலும் ஒருங்கே உண்ணலாகாது என்பது வரை அது நீண்டது. வித்தியாசம் இதுவே: கூத்தின் உடன்படிக்கை சபைக்குத் தெரிந்தது, மல்லரின் உடன்படிக்கை சபைக்கு மறைக்கப்பட்டது, அல்லது மறைக்கப்படுவதாகப் பாவனை செய்யப்பட்டது.

மறைப்பு நீங்கினால் காட்சி அழியும் என்று அதன் உரிமையாளர் நீண்ட காலம் அஞ்சினர். வரலாறு அவ்வச்சத்தை மெய்ப்பிக்கவில்லை. 1930 களின் முற்பகுதியில், கூட்டாளிகளால் ஒதுக்கப்பட்ட ஜாக் ஃபெஃபர் என்னும் ஏற்பாட்டாளர் நியூ யோர்க் நாளிதழொன்றிற்கு எல்லா இரகசியங்களையும் வெளியிட்டார். வருவாய் சிறிது காலம் சரிந்தது; பின்னர் மீண்டது. 1989 இல் பெரும் நிறுவனத்தின் அதிபர் வின்ஸ் மக்மேன் தரப்பே, விளையாட்டுக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் மேற்பார்வையிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடும் பொருட்டு, இது வெறும் கேளிக்கையே என நியூ ஜேர்சி சட்டசபையினரிடம் ஒப்புக்கொண்டது. அடுத்த பத்தாண்டில் அந்நிறுவனம் முன்னெப்போதும் காணாத செல்வம் ஈட்டியது. எனவே உண்மை வெளிப்பட்டதால் இக்காட்சி வீழ்ந்தது என்னும் விளக்கம் பொருந்தாது. வீழ்ச்சிக்கான காரணத்தை வேறிடத்திலேயே தேட வேண்டும். அதற்கு முதலில், இக்காட்சி நமது பிரதேசத்தில் எழுச்சி பெற்ற காலத்தை நோக்குவோம்.

இரண்டாம் உலகப் போரையடுத்த இருபதாண்டுகளில் சிங்கப்பூர், மலாயா, இந்தியா ஆகிய நாடுகளை இணைத்து ஒரு மல்லர் சுற்று நிலவியது. சிங்கப்பூரின் நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹப்பி வேர்ல்ட் ஆகிய கேளிக்கைப் பூங்காக்களில் மலாய் பங்சாவான் நாடகமும் நடனமும் சூதாட்டமும் நடைபெற்ற அதே வளாகத்தில் மல்யுத்த மேடையும் இருந்தது. நாடகத்தோடு அண்டி வாழ்ந்த கலை அது. பல மொழி பேசிய உழைக்கும் மக்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாத நாடகமாக அது விளங்கிற்று. பஞ்சாபின் அமிர்தசரசுப் பகுதியில் 1928 இற் பிறந்த தாரா சிங் 1947 இற் சிங்கப்பூர் சென்று, ஆலையொன்றில் உழைத்துக்கொண்டே மல் பயின்றார். அவரது நிலையான எதிரி ஹங்கேரியிற் பிறந்த எமில் சாயா. ‘கிங் காங்’ என்ற பெயரே அவருக்கு நிலைத்தது. மலைபோன்ற உடலும் முரட்டுத் தோற்றமும் கொண்ட வெள்ளையரான அவர், குடியேற்ற ஆட்சி நீங்கும் காலத்து ஆசிய மக்கள் முன் வீழ்ந்துகொடுத்தார். மோதலின் பொருளை விளக்க எவரும் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டில் ‘கிங் காங்’ என்பது பருத்த உடலினருக்கு வைக்கும் பட்டப்பெயராகவே வழக்கிற் புகுந்தது. 1968 இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெசைத் தாரா சிங் வென்றது அச்சுற்றின் உச்சம் எனலாம். 1970 இல் வாகன விபத்தையடுத்துச் சிங்கப்பூரில் கிங் காங் காலமானார். தாரா சிங் சினிமாவுக்கும், பின்னர் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமன் வேடத்திற்கும் சென்றார். 1983 இல் டில்லியில் மேடைக்கு விடைகூறினார். அவரது இடத்தை நிரப்ப எவரும் வரவில்லை. அச்சுற்று ஒருவரது உடலையும் ஒருவரது பெயரையும் நம்பியிருந்தமை அதன் பலவீனமாயிற்று. கூத்தில் ஓர் ஆட்டக்காரர் மூப்படைந்தால் கொப்பி அடுத்தவர் கைக்குச் செல்லும். மல்லர் மேடையில் அவ்வாறான கையளிப்பு நிகழவில்லை.

இதே காலத்து யப்பானிய எடுத்துக்காட்டு இன்னும் சிக்கலானது. போரில் தோற்று அமெரிக்கப் படையின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த மக்கள் முன், 1954 பெப்ரவரியில் ரிக்கிடோசன் ஷார்ப் சகோதரர்களைக் கைவெட்டுகளால் வீழ்த்தினார். தெருக்களில் வைக்கப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் மக்கள் திரண்டனர். தோற்ற இனத்தின் மானம் மேடையில் மீட்கப்பட்டது. ஆனால் அமெரிக்கராகக் காட்டப்பட்ட அச்சகோதரர்கள் கனடாவைச் சேர்ந்தவர்கள். யப்பானின் மீட்பரோ பிறப்பாற் கொரியர். யப்பானியச் சமுதாயம் கொரியரை இழிவாக நடத்தியமையால் தம் பிறப்பை மறைத்தே அவர் வாழ்ந்தார். முடிவு முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டது என்பது இக்காட்சியின் பொய்யன்று. ஒடுக்கப்பட்ட ஒருவன் தன்னை ஒடுக்கும் இனத்தின் பெருமைக்காகத் தன் பெயரைக் கைவிட நேர்ந்ததே அதன் பொய். முற்போக்கு விமர்சனம் கைவைக்க வேண்டிய இடமும் அதுவே.

ரிக்கிடோசனின் மாணவரான அந்தோனியோ இனோக்கி மூலம் மல்லாடல் மீண்டும் மற்போராக மாறிய ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 1976 டிசம்பரில் கராச்சியில், மாமல்லர் காமாவின் குடும்ப வழிவந்த அக்ரம் பயில்வானோடு இனோக்கி மோதினார். உடன்படிக்கை மேடையிலேயே முறிந்தது. அக்ரமின் கையும் முறிந்தது. திரண்டிருந்த கூட்டம் திகைத்தது. 1979 இல் லாகூரில் அக்குடும்பத்து இளைஞரான ஜாராவோடு மோதிய இனோக்கி, இறுதியில் அவ்விளைஞரின் கையைத் தாமே உயர்த்திப் பிடித்தார். முதலாவதை மற்போரென்றும் இரண்டாவதை மல்லாடலென்றும் கொள்வோமாயின், மனிதத்தன்மை எதில் மிகுந்திருந்தது என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமிராது.

இனி வீழ்ச்சியின் காரணத்திற்கு வருவோம். அமெரிக்காவில் 1948 இல் ஏற்பாட்டாளர் பலர் கூடி ஒரு கூட்டமைப்பை நிறுவி, நாட்டைப் பிரதேசங்களாகப் பங்கிட்டுக்கொண்டனர். ஒருவரது பிரதேசத்தில் மற்றவர் நுழைவதில்லை. அது தூய்மையான ஏற்பாடன்று. 1956 இல் அரசின் நீதித்துறை ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் அதனைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. ஆயினும் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் தனக்குரிய மல்லரும், அவ்வூர் மக்கள் அறிந்த நல்லானும் பொல்லானும் இருந்தனர். வாரந்தோறும் ஒரே மண்டபத்துக்கு ஒரே மக்கள் வந்தனர். 1982 இல் தந்தையிடமிருந்து நிறுவனத்தை வாங்கிய வின்ஸ் மக்மேன், கம்பிவழித் தொலைக்காட்சியைக் கருவியாகக் கொண்டு ஏனைய பிரதேசங்களுள் நுழைந்து, அவற்றின் மல்லரையும் ஒளிபரப்பு நேரத்தையும் விலைக்கு வாங்கினார். பத்தாண்டுக்குள் உள்ளூர் மேடைகள் பெரும்பாலும் மறைந்தன. சிறு உற்பத்தியாளரைப் பெருமுதல் விழுங்கும் வரலாறு இங்கும் அதே ஒழுங்கில் நடந்தேறியது.

அவ்வாறு விழுங்கப்பட்டதன் எச்சமாகப் பிலடெல்பியா நகரில் எழுந்த சிறு நிறுவனமொன்றின் கதை, சுயேச்சையான காட்சியின் ஏற்ற இறக்கத்தை முழுமையாகக் காட்டுவது. 1992 இல் தோன்றிய ‘ஈ.சி.டபிள்யு.’ என்னும் அந்நிறுவனம், தொழிலாளர் வாழும் தென்பகுதியில், பிங்கோ ஆடும் மண்டபமொன்றில் தன் மேடையை அமைத்தது. 1994 ஆகஸ்டில் அதன் மல்லர் ஷேன் டக்லஸ் பழைய கூட்டமைப்பின் வாகைப் பட்டத்தை வென்ற கையோடு அதனைத் தரையில் எறிந்து, புதிய மரபொன்று தொடங்குவதாக அறிவித்தார். கூட்டம் அங்கே வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. மல்லருக்குத் தாக்கும் பொருள்களை அவர்களே வீட்டிலிருந்து கொண்டுவந்தனர். பிழைத்த பிடியை ஒரே குரலில் எள்ளினர். தோற்றவனையும் அவன் உழைப்புக்காக வாழ்த்தினர். நக்கண்ணையார் கேட்ட இருசார் ஆரவாரத்தின் வாரிசுகள் இவர்கள். சபையும் ஆட்டக்காரரும் ஒரே இடத்தவராய், ஒருவரையொருவர் அறிந்தவராய் இருந்தமையே அக்காட்சியின் பலம். குருதியும் முட்கம்பியும் மிகுந்த அதன் வன்மையை நான் பாராட்டவில்லை. வறுமையான மேடை தன் மலிவான மூலதனமாக மல்லரின் உடலையே செலவிடும் என்பதற்கு அது சான்றாகும்.

அதன் ஏற்றமே இறக்கத்துக்கு வழிகோலிற்று. 1997 இற் கட்டணத் தொலைக்காட்சிக்கும் 1999 இல் நாடளாவிய அலைவரிசைக்கும் அது சென்றது. செலவு பெருகியது, புகழ்பெற்ற மல்லரை இரு பெரும் நிறுவனங்களும் விலைக்கு வாங்கின. மல்லருக்கு வழங்கிய காசோலைகள் வங்கியிலிருந்து திரும்பின. 2000 இல் அலைவரிசை கைவிட்டது. 2001 ஏப்ரலில் வங்குரோத்து. முந்திய மாதத்திலேயே எஞ்சியிருந்த போட்டி நிறுவனத்தையும் மக்மேன் வாங்கிவிட்டார். 2006 இல் அவர் அப்பழைய பெயரை உயிர்ப்பித்துப் பெரிய அரங்குகளில் ஓட விட்டார். பழைய இரசிகர்கள் அதனை ஏற்கவில்லை. பெயரை வாங்கலாம்; பிங்கோ மண்டபத்து உறவை வாங்க முடியவில்லை. 2012 இல் அமெரிக்க நிறுவனமொன்று இந்தியத் தொலைக்காட்சிக்காகப் புனேயில் ஒளிப்பதிவு செய்த ‘ரிங் கா கிங்’ தொடர் இருபத்தாறு நிகழ்ச்சிகளோடு நின்றுபோனதையும் இதனோடு இணைத்து நோக்கலாம். அங்கே பார்வையாளர் இருந்தனர்; சபை இருக்கவில்லை.

பார்த்தின் கட்டுரையில் நாம் காணும் பெருங்குறை இவ்விடத்துப் புலனாகின்றது. மல்லனின் உடல் எதனைக் குறிக்கின்றது என அவர் நுட்பமாக ஆராய்ந்தார். அவ்வுடலுக்கு எவர் கூலி கொடுக்கின்றார் என்று அவர் கேட்கவில்லை. மேடையிற் காட்டப்படும் வலி நடிப்பு. மறுநாட் காலை முதுகில் எழும் வலி நடிப்பன்று. பெருநிறுவன மல்லர் ஊழியராகவன்றிச் ‘சுயேச்சை ஒப்பந்தக்காரர்’ என்றே பதிவு செய்யப்படுகின்றனர். 1986 இல் ஜெசி வெஞ்சுரா என்பவர் தொழிற்சங்கம் அமைக்க முனைந்தார். அச்செய்தியை முதலாளியிடம் கொண்டு சேர்த்தவர் அக்காலத்தின் முதன்மை நல்லானாகிய ஹல்க் ஹோகனே என்பது பின்னர் நீதிமன்ற வழக்கின்போது வெளிவந்தது. மேடையின் நல்லான் தொழிற்களத்தின் கருங்காலியானமை எந்தக் கதாசிரியனும் எழுதத் தயங்கும் திருப்பம். 1999 மேயில் ஓவன் ஹார்ட் என்னும் மல்லர் அரங்கக் கூரையிலிருந்து கம்பியில் இறக்கப்பட்டபோது விழுந்து இறந்தார். காட்சி நிறுத்தப்படவில்லை.

பொல்லானை ஆக்கும் முறையும் இதே உடைமை உறவைச் சார்ந்தது. அமெரிக்க மேடையிற் பொல்லான் எப்போதும் செம்மையனாகச் சந்தேகிக்கப்படுபவன் எனப் பார்த் அன்றே குறிப்பிட்டார். செம்மையனுக்குப் பின் ஈரானியன், பின் ஈராக்கின் ஆதரவாளன், 2005 இல் முஸ்லிம் எனப் பெயர் மாறிற்று. அந்த முஸ்லிம் வேடமிட்டவர் இத்தாலிய வழியினரான அமெரிக்கர். 2017 மே மாதம் கனடாவிற் பிறந்த பஞ்சாபி வழியினரான ஜிண்டர் மஹால் அந்நிறுவனத்தின் உலக வாகையராக்கப்பட்டார். இந்தியச் சந்தைக்கு அவர் நாயகன்; அமெரிக்கச் சபைக்கு வெறுக்கத்தக்க அந்நியன். ஒரே உடலில் இரு வியாபாரம். அதே ஆண்டு டிசம்பரில் டில்லியில், தம் மக்கள் எனப்பட்டோர் முன்னிலையில், நிறுவன அதிபரின் மருமகனான டிரிபிள் எச்சிடம் அவர் தோற்றார். வெள்ளையரைத் தம்மவர் முன் வீழ்த்திய தாரா சிங்கின் காலத்துக்கும் இதற்கும் இடையிலுள்ள தூரம், கதையை எழுதும் கை எங்கே இருக்கின்றது என்பதன் தூரமேயாகும்.

நம் மரபு இக்குற்றத்தினின்றும் விடுபட்டது எனப் பெருமை கொள்ள இயலாது. கோவலன் கூத்தில் எல்லாத் தீமையும் பொற்கொல்லன் தலையிற் சுமத்தப்படுகின்றது. ஒரு கைவினைச் சாதி தலைமுறை தலைமுறையாக இரவு முழுவதும் வசை கேட்டு நின்றது. மேனாட்டு மேடையின் இனப் பொல்லானும் நமது களரியின் சாதிப் பொல்லானும் உடன்பிறந்தோரே.

ஆயின் இக்காட்சி மக்களை உறங்க வைக்கும் அபின் மட்டுந்தானா? மெக்சிக்கோவின் அனுபவம் வேறு விடையைத் தருகின்றது. 1933 முதல் அங்கே வேரூன்றிய முகமூடி மல்யுத்தத்தை அந்நாட்டுச் சேரி மக்கள் தமதாக்கிக்கொண்டவர்கள். 1985 இன் நிலநடுக்கத்தில் வீடிழந்தோர் வாடகைக் கொடுமைக்கும் வெளியேற்றத்துக்கும் எதிராகத் திரண்டபோது, 1987 இல் சிவப்பும் மஞ்சளும் கலந்த உடையில் ‘சூப்பர்பாரியோ’ என்னும் முகமூடி மல்லர் தோன்றினார். குடியிருப்போரை வெளியேற்ற வந்தோரின் முன் சென்று நின்றார். அதிகாரிகளோடு முகமூடி களையாது பேச்சு நடத்தினார். வீட்டுச் சொந்தக்காரன் வேடமிட்டவனோடு மேடையில் மோதவும் செய்தார். அங்கே பொல்லான் ஓர் இனமுமல்லன், சாதியுமல்லன். ஒரு வர்க்க உறவு. சாந்தோ போன்ற மல்லர்களின் மூலம் மக்கள் மனத்தில் ஐம்பதாண்டாக ஊறிய மொழியை இயக்கம் எடுத்தாண்டது. பேராதனையிற் சு. வித்தியானந்தன் 1960 களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றின் மூலம் கூத்தின் மொழியை மீட்டெடுத்தபோதும், வெகுசன வடிவம் தன்னிலே பிற்போக்கானதன்று என்ற நம்பிக்கையே பின்னணியாக இருந்தது. பெண்ணுடல் பற்றியும் ஒன்று கூறலாம். 2019 சூலையில் மலேசியாவின் சுயேச்சைக் குழுவொன்றில், முக்காடு அணிந்து மேடையேறும் நோர் டயானா என்னும் இளம்பெண் நான்கு ஆண் மல்லரை வென்று வாகை சூடினார். மாதவி ஆடிய மல்லாடலை அறிந்த மரபினர்க்கு இது புதுமையன்று.

விசுவமடுவில் இத்தகைய மேடையொன்றை எழுப்ப அதிகம் தேவையில்லை. சனசமூக நிலையத்து வளவு, பலகை, கயிறு, வைக்கோல் அடைத்த சாக்கு, விழுவதற்குப் பயின்ற நான்கு இளைஞர் போதும். கடினம் வேறிடத்தில் உள்ளது. இங்கே பொல்லானாக எவரை நிறுத்துவது? அயலில் வாழும் மலையகத்தவரையோ, சிங்களவரையோ, முஸ்லிமையோ நிறுத்தினால் அமெரிக்க மேடையின் இழிவை நாமும் மேற்கொண்டவராவோம். நாம் அனைவரும் அறிந்த பொல்லானைப் பெயர் சுட்டி நிறுத்துவது எளிதன்று.

ஆயினும் இக்காட்சியில் நல்லான், பொல்லான் இருவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் உளர். ஆய்வாளர் அதிகம் பேசாத பாத்திரம் அவர்: மத்தியஸ்தர். பொல்லான் விதியை மீறும் கணத்தில் அவர் முதுகு திருப்பி நிற்பார். கூட்டம் முழுவதும் எழுந்து கைநீட்டிக் கூக்குரலிடும்; அவருக்குக் கேளாது. நல்லான் பொறுக்க மாட்டாது கையோங்கியதும் திரும்பிப் பார்த்து அவனையே எச்சரிப்பார். நகைச்சுவைக்காக ஆக்கப்பட்ட இப்பாத்திரம் நம் ஊரில் நகைப்பை மட்டும் எழுப்புவதில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்தனர். ஆணைக்குழுக்கள் பல வந்து சென்றன. வற்றாப்பளைக் கண்ணகியின் கதையிலும் தீர்ப்பு வழங்கியவனே குற்றவாளி. அவன் தன் பிழையைத் தானே கண்டு அரியணையிலிருந்து வீழ்ந்தான் என்பதே அக்கதையை இப்பிரதேசத்து மக்கள் இன்றுவரை விழித்திருந்து கேட்பதற்குக் காரணம். மல்யுத்தக் காட்சியிலும் இறுதியில் மத்தியஸ்தர் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பிப் பார்க்கும் கணத்திலேயே கூட்டத்தின் ஆரவாரம் மிகப் பெரிதாக எழும். அண்மையில் இங்கு சிறுவர் சிலர் மணல்மேட்டில் மல்யுத்தம் ஆடியபோது, நல்லான் வேடத்துக்கும் பொல்லான் வேடத்துக்கும் போட்டியிட்டனர்; மத்தியஸ்தராக நிற்க எவரும் முன்வரவில்லை.